யார் எதை நிரூபிக்க வேண்டும்? உள்ளடக்கிய நகரக் கொள்கை நடைமுறைக்கு வரும் விதம்

2021 மே 7-ஆம் தேதி, தமிழ்நாட்டில் புதிய அரசு பொறுப்பேற்ற அன்றே, சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் பயணம் செய்யலாம் என்ற ஆணை கையெழுத்தானது. மறுநாளே அது நடைமுறைக்கு வந்துவிட்டது. (இரண்டு நாளில் கொரோனா ஊரடங்கு வந்து பேருந்துகளே நின்றுபோயின என்பது வேறு கதை.) தெருவோர வியாபாரிகளின் பிழைப்பைப் பாதுகாப்பதற்காக நாடாளுமன்றம் இயற்றிய சட்டமோ 2014-ஆம் ஆண்டைச் சேர்ந்தது, பத்தாண்டுகள் கடந்த பின்னும் சென்னையின் பல தெருக்களில் அது ஏட்டுச் சுரைக்காயாகவே இருக்கிறது. இரண்டுமே நகரத்தில் வசதி குறைந்தவர்களை மனத்தில் வைத்து வந்தவை. ஒன்று ஓரிரவில் ஓடத் தொடங்கியதற்கும் மற்றொன்று இழுபறியில் கிடப்பதற்கும் என்ன காரணம் என்று தேடிப் போனால், உள்ளடக்கிய நகரக் கொள்கை என்பது என்ன, அதை நடைமுறைப்படுத்துவதில் சிக்கல் எந்த இடத்தில் வருகிறது என்ற இரண்டும் சேர்ந்தே விளங்கும்.

முதலில் கருத்தைப் பார்ப்போம். எந்த நகரமும் யாரையும் பார்த்து "நீ வராதே" என்று சொல்வதில்லை. ஆனால் பேருந்தின் தளம் சாலையிலிருந்து 90 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால், சக்கர நாற்காலியில் வருபவருக்கு அந்தப் பேருந்து இல்லாததற்குச் சமம். தெருக்குழாயில் பகல் 11 மணிக்குத் தண்ணீர் வந்தால், காலையிலேயே வீட்டு வேலைக்குக் கிளம்பிவிடும் பெண்ணுக்கு அந்தக் குழாயால் பயனில்லை. வாடகை ஒப்பந்தப் பத்திரம் கேட்கும் ஒரு விண்ணப்பப் படிவம், வாய்மொழிப் பேச்சிலேயே ஓர் அறையைப் பிடித்து நாலைந்து பேராகத் தங்கியிருக்கும் வெளிமாநிலத் தொழிலாளியை முதல் வரியிலேயே கழித்துவிடுகிறது. இப்படி வருமானம், பாலினம், வயது, சாதி, உடல்நிலை, பிறந்த ஊர் ஆகியவற்றின் காரணமாக நகரத்தின் வசதிகளை எட்ட முடியாமல் போகிறவர்களைத் திட்டமிடும்போதே கணக்கில் எடுத்துக்கொண்டு, அதற்கேற்ப விதிகளையும் செலவையும் அளவுகளையும் அமைப்பதைத்தான் உள்ளடக்கிய நகரக் கொள்கை என்கிறோம். இலவசமாக எதையாவது கொடுப்பதோடு இது முடிந்துவிடுவதில்லை. நகரத்தின் சாலை, வீடு, சந்தை, பூங்கா, நிர்வாகம் எல்லாமே யாருடைய உடலையும் யாருடைய நாளையும் மனத்தில் வைத்து அமைக்கப்படுகின்றன என்ற கேள்வி இதில் இருக்கிறது.

கொள்கை வாசகங்களுக்கு நம்மிடம் பஞ்சமில்லை. ஐக்கிய நாடுகள் அவை 2015-இல் ஏற்றுக்கொண்ட நிலைத்த வளர்ச்சி இலக்குகளில் பதினொன்றாவது, நகரங்கள் எல்லோரையும் உள்ளடக்கியவையாக இருக்க வேண்டும் என்கிறது. 2016-இல் ஈக்வடாரின் கீட்டோ நகரில் கூடிய மாநாடு இதையே விரிவாக எழுதி வைத்தது. இந்தியாவில் அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே, 1985-இல், பம்பாயின் நடைபாதைவாசிகள் தொடர்ந்த ஓல்கா டெல்லிஸ் வழக்கில், பிழைப்புக்கான உரிமை உயிர்வாழும் உரிமையின் ஒரு பகுதியே என்று உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. இந்த வாசகங்களுக்கும் தெருவுக்கும் நடுவில் ஒரு நுழைவாயில் இருக்கிறது என்பதுதான் பொதுவாகக் கவனிக்கப்படாத செய்தி. ஒவ்வொரு கொள்கையும் தன் பயனாளி யார் என்று எப்படியாவது அடையாளம் கண்டாக வேண்டும். அதற்காக அது ஓர் அட்டையையோ, கணக்கெடுப்பையோ, சான்றிதழையோ கேட்கிறது. யார் எதை நிரூபித்தால் உள்ளே வரலாம் என்று வகுக்கும் அந்த இடத்தில்தான் கொள்கை உண்மையில் எழுதப்படுகிறது என்பது என் எண்ணம்.

பேருந்துத் திட்டத்தை இந்தக் கண்ணோட்டத்தில் பாருங்கள். பேருந்தில் ஏறும் பெண் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. வருமானச் சான்று வேண்டாம், குடும்ப அட்டை வேண்டாம், முன்பதிவு வேண்டாம். நடத்துநர் ஆளைப் பார்த்துக் கட்டணமில்லாச் சீட்டைக் கிழித்துக் கொடுக்கிறார், அவ்வளவுதான். வசதியான பெண்ணும் இதில் பயன் பெறலாமே என்று கேட்கலாம், பெறலாம். ஆனால் சாதாரணக் கட்டணப் பேருந்தின் நெரிசலே ஒரு வடிகட்டியாக வேலை செய்கிறது. இன்னொரு நுட்பமும் உண்டு. அலுவலகத்துக்குப் போய்த் திரும்பும் ஒருவர் நாளில் இரண்டு முறை பயணம் செய்கிறார். பிள்ளையைப் பள்ளியில் விட்டு, இரண்டு வீடுகளில் வேலை பார்த்து, ரேஷன் கடைக்கும் சந்தைக்கும் போய்த் திரும்பும் பெண்ணோ ஒரே நாளில் நாலைந்து முறை சிறு தொலைவுகளுக்கு ஏறி இறங்குகிறார். ஒவ்வொரு முறையும் குறைந்தபட்சக் கட்டணம் புதிதாகத் தொடங்கும். ஆஸ்திரியாவின் வியன்னா நகரம் 1990-களில் ஆண்களும் பெண்களும் நகரத்தில் எப்படி நடமாடுகிறார்கள் என்று கேட்டறிந்தபோது இந்த வேறுபாடு அங்கேயும் தெளிவாகத் தெரிந்தது; நடைபாதை அகலத்திலும் தெருவிளக்கிலும் அந்நகரம் பிறகு செய்த மாற்றங்கள் அதிலிருந்து வந்தவை. தமிழ்நாட்டில் கட்டணத்தைச் சுழியாக்கியதால் இந்தச் சங்கிலிப் பயணத்தின் சுமை ஒரே அடியில் நீங்கியது. மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வைக் காட்டி, ஒரு பெண் மாதத்துக்குச் சராசரியாக 888 ரூபாய் சேமிக்கிறார் என்று அரசு கூறியது.

ஆனாலும் இதற்கும் ஒரு நுழைவாயில் முளைத்தது. எந்தப் பேருந்து சாதாரணக் கட்டணப் பேருந்து என்று தூரத்திலிருந்து கண்டுபிடிப்பது எளிதாக இல்லை. பெயர்ப்பலகையின் நிறத்தை வைத்து அறிய வேண்டும், அதற்குள் வண்டி கிளம்பிவிடும். 2022-இல் சென்னை மாநகரப் போக்குவரத்துக் கழகம் அத்தகைய பேருந்துகளின் முன்புறத்துக்கும் பின்புறத்துக்கும் இளஞ்சிவப்பு வண்ணம் அடித்தது. அதைச் சிலர் கேலி செய்தார்கள். எனக்கென்னவோ, ஒரு வாளி பெயின்ட் கொள்கையின் எல்லையை நீட்டியதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது என்றே தோன்றுகிறது. திருநங்கைகளும், மாற்றுத்திறனாளிகளும் அவர்களுடன் வரும் உதவியாளரும் சில வாரங்கள் கழித்துத்தான் இத்திட்டத்தில் சேர்க்கப்பட்டார்கள் என்பதும், முதல் வரைவில் யார் நினைவுக்கு வருகிறார்கள், யார் வருவதில்லை என்பதைக் காட்டுகிறது. இன்னும் தீராத வாயில் ஒன்று உண்டு: சீட்டு இலவசம் என்றாலும் வண்டி வர வேண்டும். உங்கள் தடத்தில் சொகுசுப் பேருந்துகள் நான்கு போன பிறகு ஒரு சாதாரணப் பேருந்து வருமானால், அந்தக் காத்திருப்புதான் நீங்கள் செலுத்தும் கட்டணம். இந்தத் திட்டத்துக்காக 2024-25 வரவுசெலவுத் திட்டத்தில் 3,050 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. அந்தத் தொகையோடு, ஒவ்வொரு தடத்திலும் எந்த வகைப் பேருந்து எத்தனை நடை ஓடுகிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் கொள்கை எங்கே நிற்கிறது என்று தெரியும்.

2013-இல் சென்னை மாநகராட்சி தொடங்கிய அம்மா உணவகங்களும் இதே இனம். ஒரு ரூபாய் இட்லிக்கு எந்த அட்டையும் கேட்கப்படவில்லை. பசியோடு வரிசையில் நிற்பதே தகுதியாக இருந்தது.

கணக்கெடுப்பு நடந்த நாளில் கடையில் இல்லாதவர்

தெருவோர வியாபாரிகள் சட்டம் இதற்கு நேர்மாறான அமைப்பைக் கொண்டது. சட்டத்தைப் படித்தால் அது தாராள மனத்தோடு எழுதப்பட்டது என்றே தோன்றும். நகரத்தின் மக்கள்தொகையில் 2.5 சதவீதம் வரையிலான வியாபாரிகளுக்கு இடமளிக்க வேண்டும் என்றும், ஐந்தாண்டுகளுக்கு ஒரு முறையாவது கணக்கெடுத்து விற்பனைச் சான்றிதழ் வழங்க வேண்டும் என்றும், கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் கொடுக்கும் வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது என்றும் அது கூறுகிறது. நகர விற்பனைக் குழு என்று ஓர் அமைப்பையும் உருவாக்கி, அதன் உறுப்பினர்களில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகளே தங்களுக்குள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகளாகவும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்களாகவும் இருக்க வேண்டும் என்று விதித்திருக்கிறது. தமிழ்நாட்டுக்கான விதிகளும் 2015-இல் வந்துவிட்டன.

இதில் எல்லாமே கணக்கெடுப்பு என்ற ஒற்றை ஆணியில் தொங்குகிறது. கணக்கெடுப்பவர் பகல் பதினோரு மணிக்குத் தெருவுக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். விடியற்காலை நாலு மணிக்கே கீரைக்கட்டுகளோடு வந்து எட்டு மணிக்கு விற்று முடித்துப் போனவர் பட்டியலில் இல்லை. மாலை ஆறு மணிக்குப் பஜ்ஜி வண்டியைத் தள்ளிக்கொண்டு வருபவரும் இல்லை. கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு தெருத்தெருவாகப் பூ விற்கும் அம்மாவுக்கு நிலையான இடமே கிடையாது என்பதால், இடத்தை வைத்து எடுக்கப்படும் கணக்கில் அவர் எங்கே விழுவார் என்று சொல்ல முடியாது. இருப்பவர்களும் அடையாள அட்டையையும், வேறு பிழைப்பு இல்லை என்ற உறுதிமொழியையும் காட்ட வேண்டும். அதன் பிறகுதான் சான்றிதழ். அதன் பிறகு விற்பனை மண்டலம் எது, விற்கக் கூடாத பகுதி எது என்ற வரையறை. அந்த வரையறை கடைவீதிக்கு இரண்டு தெரு தள்ளி அமைந்துவிட்டால் சான்றிதழ் கையில் இருந்தும் வியாபாரம் இருக்காது.

இது கற்பனை அச்சம் இல்லை. தியாகராய நகர் பாண்டி பஜாரின் நடைபாதைக் கடைக்காரர்களுக்கென்று அங்கேயே ஒரு பலமாடி வளாகம் கட்டி, 2013-இல் அவர்களை அதற்குள் குடியேற்றினார்கள். வேறு ஊர்களோடு ஒப்பிட்டால் இது நல்ல ஏற்பாடு. அதே வீதியில், கூரையோடு, மின்விளக்கோடு கடை கிடைத்தது. ஆனால் நடைபாதை வியாபாரம் நடந்துபோகிறவரின் கண்ணில் படுவதை நம்பி நடப்பது. ஒரு ரிப்பனும் நாலு ஊக்கும் வாங்குவதற்காக யாரும் மாடிப்படி ஏறுவதில்லை. மேல்தளத்துக் கடைக்காரர்கள் அன்றிலிருந்து இதைத்தான் முறையிட்டு வருகிறார்கள். 2019 நவம்பரில் அதே வீதி அகலமான நடைபாதை வளாகமாகத் திறக்கப்பட்டபோது, நடப்பவர்களுக்கு அது பெரிய விடுதலையாக இருந்தது. அந்த அகலத்தில் விற்பவர்களுக்கு எவ்வளவு என்பது அதன் வரைபடத்திலேயே எழுதப்பட்டிருக்க வேண்டிய கேள்வி.

சட்டத்தில் இன்னொரு சிறு பிரிவும் பார்க்கத் தக்கது. பறிமுதல் செய்யப்பட்ட பொருள் கெட்டுப்போகக் கூடியதாக இருந்தால், உரிய கட்டணத்தைச் செலுத்திக் கேட்ட அன்றே திருப்பித் தர வேண்டும். கெடாத பொருளாக இருந்தால் இரண்டு வேலை நாட்களுக்குள் தர வேண்டும். எழுதியவர் யாரோ தெருவை அறிந்தவர் என்று தெரிகிறது. ஆனால் காலையில் பிடுங்கிய பூக்கூடை மாலையில் திரும்பக் கிடைத்தால் அது சட்டப்படி சரி, வியாபாரப்படி குப்பை. பறிமுதல் செய்யும் லாரியில் வரும் ஊழியருக்கு இந்தப் பிரிவு தெரியுமா, ரசீது புத்தகம் அவர் கையில் இருக்கிறதா என்ற இரண்டுமே அந்த வியாபாரியைப் பொறுத்தவரை நாடாளுமன்றத்தைவிட முக்கியமானவை.

வீடு கொடுத்து நகரத்தைப் பறிப்பது

உள்ளடக்கம் பற்றிய பேச்சில் எல்லாவற்றையும்விடச் செலவு பிடிப்பதும், தவறிப்போனால் திருத்தவே முடியாததும் வீடுதான். சென்னையின் கதையை இங்கே சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒரே நகரம் ஐம்பது ஆண்டுகளில் மூன்று வெவ்வேறு வழிகளை முயன்று பார்த்த கதை அது.

தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம் 1970-இல் அமைக்கப்பட்டது. அதற்கான சட்டம் 1971-இல் வந்தது. குடிசைகள் இருந்த இடத்திலேயே மாடிக் குடியிருப்புகளைக் கட்டித் தருவதே அதன் தொடக்கக் கால வழி. நகரத்தின் நடுவில் இன்றும் நாம் பார்க்கும் பழைய 'போர்டு வீடுகள்' அப்படி எழுந்தவை. சுவர் பெயர்ந்திருக்கும், தண்ணீர்த் தொட்டி ஒழுகும். ஆனால் இறங்கி நடந்தால் சந்தையும் மருத்துவமனையும் வேலையும் பக்கத்தில் இருக்கும். 1977-இல் உலக வங்கியின் கடனோடு இரண்டாம் வழி வந்தது: அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் ஆகிய இடங்களில் சாலை, தண்ணீர், கழிவுநீர் வசதியோடு மனைகளை மட்டும் ஒதுக்கி, வீட்டை அவரவர் வசதிக்கேற்பக் கட்டிக்கொள்ள விட்டார்கள். வெவ்வேறு வருமானத்தவருக்கு வெவ்வேறு அளவு மனைகள் ஒரே மனைப்பிரிவில் கலந்து கொடுக்கப்பட்டதால், அவை தனித்து ஒதுக்கப்பட்ட ஏழைக் குடியிருப்புகளாக மாறாமல் நகரத்தின் சாதாரணப் பகுதிகளாகவே வளர்ந்தன.

மூன்றாம் வழி 2000-ஐ ஒட்டித் தொடங்கியது. பழைய மகாபலிபுரம் சாலையில் துரைப்பாக்கத்தை அடுத்துக் கண்ணகி நகர், 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு செம்மஞ்சேரி, அதன் பின் பெரும்பாக்கம் என்று நகரின் தென்கோடியில் ஆயிரக்கணக்கான வீடுகள் கொண்ட அடுக்குகள் எழுந்தன. கண்ணகி நகரில் 15,000-க்கும் மேற்பட்ட வீடுகள், பெரும்பாக்கத்தில் 20,000-க்கும் மேல். கூவம், அடையாறு கரைகளிலிருந்தும், 2015 பெருவெள்ளத்துக்குப் பிறகு இன்னும் பல இடங்களிலிருந்தும் குடும்பங்கள் இங்கே கொண்டுவரப்பட்டன. கணக்குப் புத்தகத்தில் இது வெற்றி: கூரை வீட்டிலிருந்து கான்கிரீட் வீட்டுக்கு, வெள்ளம் வரும் கரையிலிருந்து மேட்டுக்கு என்று எழுதலாம். (பெரும்பாக்கமும் செம்மஞ்சேரியும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டியவை என்பதால் 'மேட்டுக்கு' என்ற சொல்லையும் கொஞ்சம் யோசித்தே எழுத வேண்டும்.)

இப்போது மயிலாப்பூரில் மூன்று வீடுகளில் பாத்திரம் தேய்த்துத் துணி துவைத்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். ஆற்றோரத்திலிருந்து அந்த வீடுகளுக்கு அவர் நடந்தே போய்விடுவார். காலை ஆறரைக்கு முதல் வீடு, எட்டரைக்கு இரண்டாவது, நடுவில் தன் பிள்ளைக்குச் சோறு கட்டிக் கொடுத்துவிட்டு மூன்றாவது. பெரும்பாக்கத்திலிருந்து மயிலாப்பூர் சுமார் 20 கிலோமீட்டர். ஆறரைக்கு அங்கே நிற்க வேண்டுமானால் விடியலுக்கு முன்பே முதல் பேருந்தைப் பிடிக்க வேண்டும், நடுவில் வீட்டுக்கு வந்துபோவது முடியாது, பிள்ளையை யார் பார்ப்பது என்பதற்கு விடையில்லை. முதலில் ஒரு வீட்டை விடுகிறார், பிறகு மற்றொன்றை. புதிய இடத்துக்குப் பக்கத்தில் வேலை தேடினால் முகவரியைக் கேட்டு முகம் மாறுகிறவர்கள் இருக்கிறார்கள். குடியிருப்பின் பெயரே ஒரு குற்றச்சாட்டாக ஒலிக்கும் நிலை கண்ணகி நகருக்கு நெடுங்காலமாக இருந்து வந்திருக்கிறது. இடமாற்றம் பள்ளி ஆண்டின் நடுவில் நிகழ்ந்தால் பிள்ளைகளின் படிப்பும் அதோடு அறுந்துபோகிறது. வீடு கிடைத்தது, அந்த வீட்டை வைத்துப் பிழைக்க உதவிய நகரம் போய்விட்டது.

நிரூபிக்க வேண்டியவற்றின் பட்டியலும் இங்கேதான் மிக நீளம். ஒதுக்கீட்டுக்கு அந்த இடத்து முகவரி கொண்ட ஆவணம் வேண்டும், கணக்கெடுப்பின்போது குடிசையில் இருந்திருக்க வேண்டும், கைரேகை பதிவாகியிருக்க வேண்டும். ஒரே குடும்ப அட்டையில் இரண்டு திருமணமான மகன்கள் இருந்தால் மூன்று அடுப்புகளுக்கு ஒரு வீடு என்று ஆகிவிடக்கூடும். குடிசையையே வாடகைக்கு எடுத்திருந்தவர், ஏழையிலும் ஏழையாக இருந்தும், வெறுங்கையோடு நிற்க நேரிடும். கண்ணகி நகரின் தொடக்கக் காலத்து வீடுகளில் 200 சதுர அடிக்கும் குறைந்தவை உண்டு. பெரும்பாக்கத்தின் உயரமான அடுக்குகளில் மின்தூக்கி நின்றுபோனால் மேல்தளத்து மூதாட்டி சிறை வைக்கப்பட்டவராகிறார்.

வேறு வழி உண்டா என்றால், உண்டு. செலவும் கூடுதலில்லை, பொறுமைதான் கூடுதலாக வேண்டும். தாய்லாந்து 2003-இல் தொடங்கிய பான் மன்கோங் திட்டத்தில், குடிசைப் பகுதி மக்கள் சேமிப்புக் குழுவாக ஒன்றுசேர்ந்து, நில உரிமையாளரோடு தாங்களே பேரம் பேசி, இருந்த இடத்தையோ அதற்கு அருகிலுள்ள இடத்தையோ கூட்டாக வாங்குகிறார்கள் அல்லது குத்தகைக்கு எடுக்கிறார்கள்; அரசு அந்தக் குழுவுக்குக் கடனும், சாலை, வடிகாலுக்கு மானியமும் தருகிறது. கூட்டு உரிமை என்பதால் தனியொருவர் விற்றுவிட்டுப் போவதும் எளிதில்லை. ஒடிசா 2017-இல் குடிசைவாசிகளுக்கு நில உரிமை வழங்கும் சட்டத்தை இயற்றி, சிறு நகரங்களில் ட்ரோன் கொண்டு வீடு வீடாக அளந்து, அவர்கள் வாழும் இடத்துக்கே உரிமைச் சான்று கொடுத்தது. அதை வாரிசுக்கு விடலாம், வங்கியில் அடகு வைத்துக் கடன் பெறலாம், விற்க மட்டும் முடியாது. இங்கே நிரூபிக்கும் சுமை திசை மாறுவதைக் கவனியுங்கள்: நீ இங்கே இருந்தாய் என்று காட்டு என்று குடும்பத்தைக் கேட்பதற்குப் பதிலாக, இங்கே யார் இருக்கிறார்கள் என்று அரசே வந்து அளக்கிறது.

அதே இடத்தில் கட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்ல முடியாது. சென்னை புளியந்தோப்பு கே.பி. பூங்காவில் அதே இடத்தில் எழுப்பிய அடுக்குமாடியில், தொட்டால் சுவர்ப்பூச்சு உதிர்ந்ததை 2021-இல் தமிழ்நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. அந்த ஆண்டுதான் வாரியத்தின் பெயர் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாற்றப்பட்டது.

பதினைந்து சென்டிமீட்டர்

சில கொள்கைகளில் நுழைவாயிலாக இருப்பது காகிதம் அல்ல, வெறும் அளவு. இந்தியச் சாலைகள் பேரவையின் 2012 வழிகாட்டுதல், நடைபாதை தடையின்றி 1.8 மீட்டர் அகலமும், 15 சென்டிமீட்டருக்கு மிகாத உயரமும் இருக்க வேண்டும் என்கிறது. சக்கர நாற்காலிக்கான சரிவு ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற விகிதத்துக்குள் இருக்க வேண்டும். 15 சென்டிமீட்டர் ஏறுவதற்கு 1.8 மீட்டர் நீளச் சரிவு போதும். மழைநீர் தேங்குகிறதே என்று ஒப்பந்ததாரர் நடைபாதையை 30 சென்டிமீட்டருக்கு உயர்த்தினால் சரிவு 3.6 மீட்டர் நீள வேண்டும். அதற்கு இடம் இருக்காது. ஆகவே செங்குத்தாக ஒரு சிமென்ட் மேட்டை வைத்துப் பூசிவிட்டு, சரிவுப்பாதை அமைத்தாயிற்று என்று கணக்கில் எழுதிவிடுவார்கள். மோட்டார் சைக்கிள் ஏற மட்டுமே அது உதவும்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் வந்தது. சென்னை உயர் நீதிமன்றத்தில் பல ஆண்டுகள் நடந்த வழக்குகளின் அழுத்தத்துக்குப் பிறகு, 2024 ஆகஸ்டில் சென்னையில் புதிய தாழ்தளப் பேருந்துகளின் முதல் தொகுதி ஓடத் தொடங்கியது. தளம் தரையிலிருந்து சுமார் 40 சென்டிமீட்டர்தான். நிற்கும்போது வண்டி இன்னும் சற்றுச் சாய்ந்து கொடுக்கும், மடக்குப் பலகை ஒன்று வெளியே விரியும். ஆனால் அந்தப் பலகை நடைபாதை விளிம்பில் படியும்படி வண்டி ஓரமாக வந்து நின்றால்தான் ஏற முடியும். நிறுத்தத்தில் இரண்டு ஆட்டோக்கள் நின்றால் ஓட்டுநர் நடுச்சாலையில் நிறுத்துவார். பலகை தார்ச்சாலையில் விழும்போது ஏற்றம் செங்குத்தாகி, சக்கர நாற்காலியைப் பின்னிருந்து தள்ள இரண்டு பேர் வேண்டியிருக்கும். பேருந்தை வாங்கியது போக்குவரத்துக் கழகம், நடைபாதை மாநகராட்சியுடையது, ஆட்டோவை விலக்க வேண்டியவர் போக்குவரத்துக் காவலர். மூவரும் சேர்ந்து ஒரு மேசையில் உட்காராவிட்டால் இந்தப் பேருந்தின் விலை வீண்.

பராமரிப்பும் இதில் சேர்ந்ததே. 2022 நவம்பர் இறுதியில் மெரினாவில், மாற்றுத்திறனாளிகள் அலைகளுக்கு அருகே செல்வதற்காக 263 மீட்டர் நீள மரப்பாதை திறக்கப்பட்டது. பலர் வாழ்நாளில் முதல்முறையாகக் கடல்நீரில் கால் நனைத்த காட்சி ஊரையே நெகிழ வைத்தது. இரண்டே வாரத்தில் மாண்டஸ் புயல் அதன் ஒரு பகுதியைப் பெயர்த்துப் போட்டது. பிறகு சீர்செய்து திறந்தார்கள். ஒவ்வோர் ஆண்டும் புயல் வரும் கடற்கரையில், சீர்செய்யும் செலவை முதல் நாளே தனித் தலைப்பில் ஒதுக்கி வைப்பது கட்டுமானத்தைப் போலவே கொள்கையின் பகுதி.

பட்டியலை யார் எழுதுவது

இவ்வளவு விவரங்களையும் தலைமை அலுவலகத்தில் உட்கார்ந்து யாரும் ஊகித்துவிட முடியாது. கீரைக்காரம்மா எத்தனை மணிக்கு வருகிறார் என்பது அவருக்குத் தெரியும். ஆகவே முடிவெடுக்கும் இடத்தில் அவருக்கு ஒரு நாற்காலி வேண்டும் என்பது உள்ளடக்கக் கொள்கையின் அடிப்படை. 74-ஆம் அரசியலமைப்புத் திருத்தம் மூன்று லட்சமோ அதற்கு மேலோ மக்கள்தொகை கொண்ட நகரங்களில் வார்டு குழுக்கள் வேண்டும் என்று 1992-லேயே கூறியது. தமிழ்நாட்டின் நகர்ப்புறங்களில் 2016-இல் பதவிக்காலம் முடிந்த பிறகு 2022 பிப்ரவரி வரை தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களே இல்லை. அந்த ஆண்டுதான் பாதி இடங்கள் பெண்களுக்கு என்ற ஒதுக்கீட்டோடு தேர்தல் நடந்து, வார்டு குழு, பகுதி சபா விதிகளும் வந்தன. கிராம சபையைப் போலவே, வார்டுக்குள் ஒரு பகுதியின் வாக்காளர்கள் எல்லோரும் கூடிப் பேசும் அமைப்பு பகுதி சபா. வாக்காளர் என்ற சொல்லிலும் ஒரு நுழைவாயில் உண்டு. பெயர் இன்னும் பீகாரின் பட்டியலிலேயே இருக்கும் கட்டுமானத் தொழிலாளி இங்கே குடியிருந்தாலும் உறுப்பினர் ஆவதில்லை.

கூடிப் பேசுவதற்கும் தீர்மானிப்பதற்கும் உள்ள இடைவெளியைப் பிரேசிலின் போர்டோ அலெக்ரே நகரம் 1989-இல் ஒரு புதிய முறையால் குறைத்தது. நகராட்சியின் முதலீட்டுச் செலவில் எதற்கு முன்னுரிமை என்பதை வட்டாரக் கூட்டங்களில் மக்களே வரிசைப்படுத்தினார்கள். அங்கே கையாண்ட கணக்குதான் முக்கியம்: கூட்டம் எவ்வளவு பெரிதாகச் சேர்ந்தது, யார் உரக்கப் பேசினார் என்பதை வைத்துப் பணம் பிரிக்கப்படவில்லை. ஒரு வட்டாரத்தில் எந்த வசதி எவ்வளவு குறைவு, மக்கள்தொகை எவ்வளவு, மக்கள் அந்தத் தேவைக்குக் கொடுத்த வரிசை எண் என்ன என்ற மூன்றுக்கும் மதிப்பெண் போட்டு, குறை மிகுந்த வட்டாரத்துக்குக் கூடுதல் பங்கு போகும்படி வாய்பாடு அமைத்தார்கள். சாக்கடை இல்லாத தெருவும் பூங்கா கேட்கும் தெருவும் ஒரே கூட்டத்தில் கை தூக்கினாலும், வாய்பாடு முதலாவதைத் தேர்ந்தெடுத்தது. உலகின் பல நகரங்கள் பிறகு இதைப் பின்பற்றின. அவற்றில் சில கூட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வாய்பாட்டை விட்டுவிட்டன. 2004 தேர்தலில் ஆட்சி மாறிய பிறகு, தொடங்கிய நகரத்திலேயே அந்த முறை மெல்ல மெல்ல வலுவிழந்து, 2017-இல் நிறுத்தி வைக்கப்பட்டது.

உங்கள் பகுதி சபாவுக்குப் போகிறவராக நீங்கள் இருந்தால் கேட்க வேண்டியவை பெரும்பாலும் மிகச் சிறிய கேள்விகளாகவே இருக்கும். வியாபாரிகள் கணக்கெடுப்பு எந்தெந்த நேரங்களில் நடந்தது, விடுபட்டவர் யாரிடம் மனு கொடுக்க வேண்டும். புதிய நடைபாதையின் உயரம் எத்தனை சென்டிமீட்டர், சரிவின் நீளம் எவ்வளவு. இடமாற்றப் பட்டியலில் வாடகைக்கு இருந்தவர்கள் சேர்க்கப்பட்டிருக்கிறார்களா. காலை ஐந்து மணிக்கு இந்த நிறுத்தத்தில் இளஞ்சிவப்புப் பேருந்து எத்தனை வருகிறது. பதிலையும் கூட்டக் குறிப்பேட்டில் எழுதச் சொல்லுங்கள். அடுத்த கூட்டத்துக்கு முன் அதன் நகலைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.